கூழைக்கடாவுக்கு ஊட்டிய மீன்

பிரெஸ்பா ஏரியைச் சுற்றியுள்ள மூன்று நாடுகளும் அதைச் சேர்ந்து காப்பதாகக் கையெழுத்திட்ட பிறகு, எங்கள் மக்கடோனியக் கரைக்கு என் அத்தை லோசானாவைக் காவலராக வைத்தார்கள். பதினாறு வருடமாகப் படகில் போய்ப் பறவைகளை எண்ணுகிறாள். புயலிலும் படகு விடுவாள். அவள் பயந்து நான் பார்த்தது, ஆறு வருடம் ஊர் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பிய போன வருட மார்ச்சில்தான்.

கிரேக்கக் கரையின் காவலர் அந்தூலா அத்தையைப் போனில் கூப்பிட்டாள்.

"நாணலுக்குள்ள கூழைக்கடா செத்துச் செத்துக் கிடக்குதுக்கா. நேத்து நாப்பது, இன்னிக்கு நூறு. பறவைக் காய்ச்சல். வெறுங்கையால எதையும் தொட்டுறாதீங்க."

அதே நேரம் அத்தையின் கணவர் கிர்ஸ்தே மாமா வாசலில் வந்து நின்றார். சட்டையெல்லாம் வெள்ளை இறகு. வருடத்தின் முதல் கெண்டையை எங்கள் மீனவர்கள் கூழைக்கடாவுக்குத்தான் போடுவார்கள். அது விழுங்கினால் வலை நிறையும் என்று நம்பிக்கை.

"தானாவே படகுல ஏறிடுச்சு, லோசானா! முழுங்கத் தெரியல, நானே வாயைப் பொளந்து ஊட்டினேன். உன்னைவிடச் சொன்ன பேச்சு கேக்குது."

"அங்கேயே நில்லு. கிட்ட வராதே."

"என்னடி, நீ பொண்டாட்டியா, போலீசா?"

"உன் மூஞ்சில தும்முச்சா?"

மாமாவின் சிரிப்பு நின்றது. "தலையை உதறுச்சு."

ஒப்பந்தப்படி, நோய்ப் பறவையைக் கண்டால் அன்றே மற்ற இரு கரைகளுக்கும் சொல்ல வேண்டும். தொட்டவர் பெயரை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"என் பேரை மட்டும் சொல்லாதே," என்றார் மாமா. "ஊர்க் கோழி பூராத்தையும் கொன்னுடுவாங்க."

அத்தை இரண்டு முறை எண்ணைத் தவறாக அழுத்தினாள். அல்பேனியக் கரைக்குச் சொன்னாள். அந்தூலாவிடம் சொன்னாள். கடைசியாக டாக்டரிடம், பெயரோடு.

அதிகாரிகள் வந்து ஊர்க் கோழிகளைச் சாக்கில் அள்ளிப் போனார்கள். "ஏரியைக் காக்கச் சொன்னா நம்ம கோழியைக் காவு குடுத்துட்டா," என்று பக்கத்து வீட்டுக்காரி அத்தையின் காதுபடவே பேசினாள்.

மாமாவைப் பத்து நாள் படகுக் கொட்டகையில் தனியாக வைக்கச் சொன்னார்கள். அத்தை தினமும் காலையில் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுக் கேட்பாள்: "இருமினியா?"

"சேவல் செத்த ஊர்ல என்னை எழுப்புற ஒரே சேவல் நீதான்."

ஏழாம் நாள் பதில் வரவில்லை. அத்தை கதவில் காது வைத்தாள். உள்ளே இருமல். அன்றே காய்ச்சல் ஏறியது. முகமூடி போட்டவர்கள் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சாதாரணச் சளிதான் என்று டாக்டர் சொல்ல மேலும் நான்கு நாளாயிற்று. அந்த நான்கு நாளும் அத்தை ஒரு பறவையையும் எண்ணவில்லை.

இந்த மார்ச்சில் அத்தை துடுப்புப் போட, மாமா படகிலிருந்து முதல் கெண்டையைத் தூரமாக வீசினார். ஒரு கூழைக்கடா படகைப் பார்த்ததும் விலகி நீந்தியது.

"கோவிச்சுக்கிச்சு போல," என்று மாமா தொண்டையைச் செருமினார்.

அத்தையின் துடுப்பு பாதியில் நின்றது.