வெறும் வயிறு

எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளுறவர். மூணாவது மாடி வார்டுலேர்ந்து நோயாளியை ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடணும், முடிஞ்சதும் திரும்பக் கொண்டுவந்து படுக்கையில சேர்க்கணும். இருபத்திரண்டு வருஷமா இதே வேலைதான். நடந்த தூரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தா கடல் தாண்டி எங்கேயோ போயிருப்பார், ஆனா அந்த நடைபாதையை விட்டா மனுஷனுக்கு வேற உலகம் கிடையாது. என்னைக் கூட்டிக்கிட்டு வெளியே போன நாளை விரல் விட்டு எண்ணிடலாம்.

அங்கே அவருக்கு மோப்பக்காரர்னு பேர். நர்ஸுங்க வச்சது. ஆபரேஷனுக்குப் போறவங்க முந்தின ராத்திரியிலேர்ந்து எதுவும் சாப்பிடக் கூடாது. நர்ஸ் கேட்பாங்க, டாக்டர் கேட்பாங்க, தாள்ல எழுதிக் கையெழுத்தும் வாங்குவாங்க. அதெல்லாம் முடிஞ்சப்புறம் இவர் வண்டியைத் தள்ளிக்கிட்டே குனிஞ்சு பேச்சுக் கொடுப்பார். எத்தனை பிள்ளைங்க, எங்கே வேலை, வெளியே வெயில் அதிகமான்னு என்னத்தையாவது கேட்பார். பதில் அவருக்குத் தேவையே இல்லை, வாயைத் திறந்தாப் போதும். மூச்சுல டீ வாசனையோ பிஸ்கட் வாசனையோ வந்துட்டா வண்டி அங்கேயே நின்னுடும். அப்புறம் பெரிய டாக்டரே வந்து கத்தினாலும் நகராது.

சும்மா வந்த பழக்கம் இல்லை அது. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு தையல்காரம்மாவைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கார். அந்தம்மா வாயில பால் வாசனை. நமக்கெதுக்கு வம்பு, நாம வண்டி தள்ளுறவன்தானேன்னு பேசாம இருந்துட்டார். மயக்க மருந்து ஏறினதும் வயித்துல இருந்ததெல்லாம் மேலே வந்து நுரையீரலுக்குள்ள இறங்கிடுச்சு. மயக்கத்துல இருக்கிறவங்களுக்கு இருமக்கூட வராதாம். அந்தம்மா திரும்ப வார்டுக்கு வரவே இல்லை. இதை என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கார். அன்னைக்கு முழுக்க அவர் சாப்பிடலை.

இப்போ என் தங்கச்சி கதைக்கு வர்றேன். சின்னவ எனக்கு ஆறு வயசு இளையவ. சின்னதுலேர்ந்தே பூசின உடம்பு. வாழப்போன வீட்டுல மாமியார்க்காரிக்கு வாய் சும்மா இருக்காது. நாற்காலி ஆடினா இவளைப் பார்ப்பா, லிஃப்ட் நின்னா இவளைப் பார்ப்பா. அவ வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், ஆனா அம்மா பேசும்போது மட்டும் அவருக்குக் காது கேட்காது. இவளும் பட்டினி கிடந்து பார்த்தா, ஓடிப் பார்த்தா. நாலு கிலோ இறங்கும், ஆறு கிலோ ஏறும். எனக்கு மட்டும் ஏன்க்கா வயிறு இப்படிக் கூப்பாடு போடுதுன்னு போன்ல அழுவா. கொஞ்சம் வாயைக் கட்டுடின்னு நானும் எல்லாரையும் போலத்தான் சொன்னேன். இப்போ நினைச்சா வெட்கமா இருக்கு.

போன வருஷம் ஒரு டாக்டரைப் பார்த்து, வாரத்துக்கு ஒண்ணு போடுற ஊசி எழுதி வாங்கிட்டு வந்தா. பேனா மாதிரி இருக்கும், தானே வயித்துல குத்திக்கலாம். கூப்பாடு அடங்கிடுச்சு. ஒன்பது மாசத்துல இருபது கிலோ குறைஞ்சா. ஊசின்னு மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடலை. நடந்தேன், வாயைக் கட்டினேன், அவ்வளவுதான்னு சொல்லிட்டா. மாமியார்க்காரி சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் மருமகளைப் பத்திப் பெருமையடிச்சா. அவ குடியிருக்கிற கட்டடத்துல இருபது பொம்பளைங்க காலையில இவ பின்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. மனசு வச்சா முடியும்னு இவ அவங்களுக்கு வகுப்பு வேற எடுக்கிறா. கேட்டா எனக்குச் சிரிப்பும் வரும், பத்திக்கிட்டும் வரும்.

அந்த ஊசியைக் குளிர்ல வைக்கணும். அவ வீட்டு ஃப்ரிட்ஜை மாமியார் குடைவா. அதனால எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல, காய்கறிக்கு அடியில, ஒரு பற்பசை டப்பாவுக்குள்ள இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வந்து அறையைச் சாத்திக்கிட்டுக் குத்திக்கிட்டுப் போவா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கியிருந்தா. ஊரார் வாயையெல்லாம் மோப்பம் பிடிக்கிற மனுஷன், தினம் அந்த ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி பாட்டில் எடுக்கிறவர், ஒரு நாளும் கண்டுபிடிக்கலை. எனக்கு அதுல உள்ளுக்குள்ள ஒரு குஷி.

போன மாசம் அவளுக்கு வலது பக்க விலாவுக்குக் கீழே வலி வந்துச்சு. பித்தப்பையில கல்லு, பித்தப்பையையே எடுத்துடணும்னாங்க. எங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். என்னென்ன மருந்து எடுக்கிறீங்கன்னு தாள்ல கேட்டிருந்தாங்க. பக்கத்துல புருஷன் உட்கார்ந்திருக்க, ஒண்ணும் இல்லைன்னு எழுதினா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். பசியை அடக்குற ஊசிக்கும் பித்தப்பைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ஆபரேஷன் அன்னைக்குக் காலையில எட்டு மணி. அவளைக் கொண்டுபோற முறை வேற ஆளோடது. மச்சினியை நானே தள்ளிட்டுப் போறேன்னு இவர் கேட்டு வாங்கிக்கிட்டார். நான் ஒரு பக்கம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். மறுபக்கம் அவ வீட்டுக்காரர், அவ கண்ணாடியைப் பத்திரமா சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்தார். இவர் வழக்கம்போலக் குனிஞ்சு, உன் பின்னாடி நடக்கிற படையை நாளைக்கு யார் நடத்திக்கிட்டுப் போவாங்கன்னு கேலி பண்ணினார். அவ பதில் சொல்ல வாயைத் திறந்தா. ஏப்பம் வந்துச்சு.

வண்டி நின்னுடுச்சு.

பக்கவாட்டுல நின்ன எனக்கே வாடை அடிச்சது. புளிச்சுப் போன வெங்காயமும் முட்டையும். முந்தின நாள் மத்தியானம் ஒரு மணிக்கு என் வீட்டுல நான்தான் செஞ்சு கொடுத்தேன். பாதி சாப்பிடறதுக்குள்ள நெஞ்சு வரைக்கும் நிறைஞ்சுட்டுதுன்னு தட்டை வச்சுட்டா. அதுக்கப்புறம் அவ எதையும் தொடலை. பத்தொன்பது மணி நேரம் ஆயிடுச்சு.

எப்போ சாப்பிட்டேன்னு இவர் கேட்டார். நேத்து மத்தியானம் மாமா, அப்புறம் ஒண்ணுமே இல்லைன்னா. அவ சொன்னது உண்மை. இவர் மூக்குக்குத் தெரிஞ்சதும் உண்மை. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்னு மனுஷன் முழிச்சார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இளைக்கிறதுக்கு ஊசி ஏதாவது போடுறியான்னு கேட்டார். இப்போ அப்படிப் போட்டுக்கிறவங்க நிறைய வர்றாங்க, அவங்களுக்கு ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தாலும் வயிறு காலியாகாம இருக்கலாம்னு மயக்க டாக்டரம்மா வார்டுல எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாங்களாம். சின்னவ புருஷனை ஒரு பார்வை பார்த்துட்டு, அதெல்லாம் இல்லையேன்னா.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. இவ ஊசி போடுறாளா?"

சின்னவ என் விரலைப் பிடிச்சு நெரிச்சா. எதிர்ல அவ வீட்டுக்காரர், என்னமோ வேடிக்கையான கேள்வியைக் கேட்ட மாதிரி சிரிச்சுக்கிட்டு நிக்கிறார்.

"இல்லைங்க."

எங்க வீட்டுக்காரர் முகம் தெளிஞ்சுடுச்சு. பித்தப்பைக் கோளாறுக்கும் ஏப்பம் வரும்தான்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு வண்டியைத் தள்ளினார். தியேட்டர் கதவு ரெண்டு பக்கமும் விலகி, உள்ளே இருந்தவங்க வண்டியை வாங்கிக்கிட்டதும் மூடிக்கிச்சு. இவர் அடுத்த நோயாளியைக் கொண்டுவர வார்டுக்குப் போயிட்டார்.

நான் பெஞ்சுல உட்கார்ந்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் பக்கத்துல வந்து உட்கார்ந்து, பாவம், பெருமையாப் பேச ஆரம்பிச்சார். தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டா அண்ணி, அவ்வளவு வைராக்கியம்னார். நான் கேட்டுக்கிட்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். உள்ளே போய் எத்தனை நிமிஷம் ஆச்சு, எப்போ மயக்கம் கொடுப்பாங்க, ஒண்ணும் தெரியலை. ஒருவேளை ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். அடுத்த நிமிஷமே அந்தத் தையல்காரம்மாவுக்கும் எவளோ ஒருத்தி அக்கான்னு இருந்திருப்பாளேன்னு தோணிச்சு.

எழுந்து ஓடினேன். உள்ளே வரக் கூடாதுன்னு எழுதியிருந்த கதவை ரெண்டு கையாலயும் தட்டினேன். ஒரு நர்ஸ் பாதிக் கதவைத் திறந்து, அம்மா இங்கேயெல்லாம் வரக் கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க. பின்னாடியே தங்கச்சி வீட்டுக்காரர் வந்து நின்னதும் தெரியுது. தெரிஞ்சே சொன்னேன்.

"அவ வாராவாரம் ஊசி போடுறா. பசி அடங்குற ஊசி. கடைசியா இந்த ஞாயித்துக்கிழமை போட்டா. நேத்துச் சாப்பாடு இன்னும் வயித்துலதான் இருக்கு, மயக்கம் கொடுத்துடாதீங்க."

நர்ஸ் உடனே உள்ளே ஓடினாங்க. கதவு மூடிக்கிச்சு. அந்தக் கதவு முன்னாடி நாங்க எவ்வளவு நேரம் நின்னோமோ, எனக்கு ஒரு யுகமா இருந்துச்சு.

மயக்க டாக்டரம்மா வெளியே வந்தாங்க. ஊசிக் குழாயைக் கையில மாட்டியாச்சு, மருந்தை அமுக்கறதுக்குள்ள தகவல் வந்துடுச்சுன்னாங்க. வயித்து மேல ஸ்கேன் வச்சுப் பார்த்தா சாப்பாடு அப்படியே நிக்குதாம். அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் பெஞ்சுக்குக் கூட்டிக்கிட்டு வந்து பொறுமையா விளக்கினாங்க. நாம சாப்பிட்டது குடலுக்கு வந்ததும் குடலே ஒரு ஹார்மோனைச் சுரக்குமாம். அது மூளைக்குப் போதும்னு சேதி சொல்லும், வயித்துக்கிட்ட, கொஞ்சம் நிறுத்தி அனுப்புன்னு சொல்லும். நிஜ ஹார்மோன் சில நிமிஷத்துலயே கரைஞ்சு போயிடும். இந்த ஊசி அதே வேலையைச் செய்யும், ஆனா வாரம் பூரா உடம்புல தங்கும். அதுல சில பேருக்கு வயிறு ரொம்பவே மெதுவாயிடுது. கல்லு வந்ததுக்கும் இதுல பங்கு இருக்கலாமாம். கொழுப்பு குடலுக்கு வந்தாத்தான் இன்னொரு ஹார்மோன் கிளம்பிப் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். கொஞ்சமாச் சாப்பிட்டு வேகமா இளைச்சா பித்தம் தேங்கிக் கல்லாயிடும்னாங்க.

ஊசி இல்லாம இளைக்கவே முடியாதான்னு தங்கச்சி வீட்டுக்காரர் மெல்லக் கேட்டார். டாக்டரம்மா அவரை நேராப் பார்த்துச் சொன்னாங்க. காலி வயித்துலேர்ந்து கிரெலின்னு ஒரு பசி ஹார்மோன் சுரக்கும், பட்டினி கிடந்து இளைச்சவங்களுக்கு அது இன்னும் கூடுதலாச் சுரக்கும், பழைய எடைக்கே இழுக்கும், அதை வைராக்கியத்தால மட்டும் ஜெயிக்கிறது எல்லாராலயும் ஆகாதுன்னாங்க. மருந்து எடுத்துக்கிறது தப்பில்லை, மறைச்சதுதான் தப்புன்னாங்க. அந்த மனுஷன் தலை குனிஞ்சு, சட்டைப் பையில இருந்த கண்ணாடியைத் தடவிக்கிட்டே இருந்தார்.

சின்னவ வார்டுக்குத் திரும்பி வந்ததும் என்னைப் பார்க்காம சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. என் வீட்டுக்காரரை வச்சுக்கிட்டே சொல்லிட்டியேக்கான்னு ஒரே வார்த்தைதான் சொன்னா. நாலு நாள் பேசலை. ஊசியை நிறுத்தி வச்சு, முந்தின நாள் முழுக்க வெறும் தண்ணி ஆகாரமாக் கொடுத்து, மூணு வாரம் கழிச்சு ஆபரேஷனை நல்லபடியா முடிச்சாங்க. இடையில தங்கச்சி வீட்டுக்காரருக்குக் காது கேட்க ஆரம்பிச்சுட்டுது, அவங்கம்மா வாய் கொஞ்சம் அடங்கியிருக்குன்னு கேள்வி.

ஆனா எனக்கு அந்த முதல் நாள் சாயங்காலம்தான் நெஞ்சுலேயே நிக்குது. எங்க வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வந்து, கை கால் கழுவிட்டு, கூடத்துல உட்கார்ந்தார். நான் டீ கொண்டுவந்து வச்சேன், தொடலை. திட்டினாக்கூடத் தேவலை போல இருந்துச்சு. ஏதாவது சொல்லுங்களேன், நாலு வார்த்தை திட்டிடுங்களேன்னு நானே கேட்டேன். அவர் கோபப்படலை. டம்ளரையே பார்த்துக்கிட்டுச் சொன்னார்.

"இருபது வருஷமா யார் சொன்னதையும் நம்பி நான் அந்த வண்டியை நகர்த்தினதில்லை. இன்னைக்குத்தான் நகர்த்தினேன். நீ சொன்னியேன்னு."