நாலாம் பெட்டியின் மூடி

ஜெபராணி எந்த டப்பாவைத் திறந்தாலும் மூடியைத் தனியே வைக்கமாட்டாள். அந்த டப்பாவின் அடியிலேயே செருகிவிடுவாள். அமீரகத்தின் அல் ஐனில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் பெண்கள் ஐந்து வருஷமாக இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மணப்பாட்டில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். 2002இல் அவள் வேலைக்கு வந்து சேர்ந்த இடம் ஒரு தனியார் விலங்குக் காப்பகத்தின் பாம்பு அறை. கூட்டுவது, துடைப்பது, பெட்டி கழுவுவது. கேட்டாலொழியப் பேசமாட்டாள்.

2004 கோடையில் அங்கே நான்கு சுருட்டை விரியன்கள் வந்தன. மணலில் பிடித்தவை இரண்டு, மலையடிவாரப் பாறையில் பிடித்தவை இரண்டு. பாம்புகளை ஆராயும் டாக்டர் பாஸ்கர் லீவில் ஊருக்குப் போயிருந்ததால், காயல்பட்டினத்து டிரைவர் கலீல் ரஹ்மான்தான் ஆட்களோடு போய்ப் பிடித்து வந்தார். பிடித்த இடத்தை எழுதி, ஒவ்வொரு பெட்டியின் மேல்மூடியிலும் ஒட்டியிருந்தார். மூடிக்குக் கீழே பூட்டுப் போட்ட வலை.

திரும்பி வந்த டாக்டர் நாலாம் பெட்டியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பாம்பின் உடம்புக் கோலம் மணல் சுருட்டையுடையது, நிறமோ மலைச் சுருட்டையுடையது. மணலில் பிடித்ததென்றால் நிறம் மாறிய மணல் சுருட்டை, அவ்வளவுதான். ஆனால் மூடியில் ‘பாறை’ என்றிருந்தது.

“ரெண்டு இனமும் அங்க தானாவே கலந்திருக்கலாம், கலீல்! இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. இன்னிக்கே கட்டுரை எழுத உட்காரப்போறேன்.”

ஓரமாக நின்ற ஜெபராணி நான்கு மூடிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வாரம் தூசிக்காற்று அடித்த மறுநாள் நான்கு மூடிகளையும் ஒரே வாளியில் போட்டுக் கழுவி, காயவைத்து, கைக்கு வந்தபடி மூடியது அவள்தான். நான்கும் ஒரே அளவு.

வெளியே வந்ததும் கலீலிடம் சொன்னாள்.

“பாம்பே பேசாமக் கெடக்கு, ஒங்களுக்கு என்ன அக்கா? விசா புதுசா அடிக்கிற மாசம். கஃபீல் மொதலாளி காதுக்குப் போச்சுன்னா கலாஸ், கதை முடிஞ்சிது, பிளேன் ஏத்திருவான்.”

“சார் தப்பால்ல எழுதிருவாவ, அண்ணே.”

மறுநாள் காலை டாக்டர் அறை வாசலில் போய் நின்றாள்.

“சார், மூடி மாறியிருக்கும். கழுவினது நாந்தான்.”

“எது எதோட மாறிச்சு?”

“தெரியாது சார். பாத்து வைக்கல.”

டாக்டர் கலீலைக் கூப்பிட்டார். “எதை எங்க பிடிச்சீங்க, ஞாபகம் இருக்கா?”

“நாலும் சுருட்டைதானே சார். நான் மொகத்தையா பாத்து வச்சேன்?”

டாக்டர் கம்ப்யூட்டரை அணைத்தார். அந்த மாதம் முழுக்க அவர் ஜெபராணியிடம் பேசவில்லை. ஆனால் லேபிள்கள் மறுநாளே மூடியிலிருந்து பெட்டிக்கு இறங்கின. கஃபீல் காதுக்கு எதுவும் போகவில்லை. விசா அடித்து வந்தது.

அந்தப் பாம்பு 2007இல் செத்தது. இப்போது கண்ணாடிக் குடுவையில் இருக்கிறது. ‘பிடித்த இடம்: தெரியவில்லை’ என்று குடுவையின் உடம்பில் ஒட்டியிருக்கிறது. அது கலப்புதானா என்று டாக்டருக்கு இன்னும் தெரியாது. ஜெபராணி அதே அறையைத்தான் கூட்டுகிறாள்.