கூரைமேல் அரைத் தொட்டித் தண்ணீர்

முப்பதுகளின் நடுப்பகுதி. மலாயாவின் ஜொகூரில், பெக்கோக்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டம். மத்தியானம் ஒரு மணி இருக்கும். அன்று நான் ஓட்டிக்கொண்டிருந்தது லாரியா வீடா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்வேன்.

அந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. தோட்டங்கள் சில சேர்ந்து, இடம் இடமாகப் போய் வைத்தியம் பார்ப்பதற்காக ஒரு லாரி வைத்திருந்தன. அதன் பின்பக்கத்தைத் தம்போயில் ஒரு சீனத் தச்சரிடம் கொடுத்துப் பலகை வீடாகவே கட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு கட்டில், மருந்து அலமாரி, மண்ணெண்ணெய் அடுப்பு, கொசுவலை. ஜன்னலுக்குத் திரைகூட உண்டு. கூரைமேல் ஒரு பெரிய தகரத் தண்ணீர்த் தொட்டி. புண் கழுவ, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். கூலாயில் புறப்பட்டால் திரும்பி வரப் பத்து நாள் ஆகும். ஒரு கட்டில் எனக்கு, இன்னொன்று டிரெசருக்கு. தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுத்து, காயம் கட்டி, டாக்டர் இல்லாத குறையைத் தீர்ப்பவரைத்தான் டிரெசர் என்போம். எங்கள் டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். எதிலும் கண்டிப்பானவர், குறட்டை மட்டும் அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

எனக்கு அப்போது முப்பது வயது. அதற்குமுன் ஆறு வருஷம் பெக்கான் நானாஸில் அன்னாசி லாரி ஓட்டியவன். அன்னாசி ஓட்டியவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பழம் காத்திருக்காது. தொழிற்சாலை வாசலில் முதலில் போய் நிற்கிறவன்தான் முதலில் இறக்குவான், பின்னால் வருகிறவன் வெயிலில் பழத்தை அழுகவிட்டு நிற்பான். அதனால் நாங்கள் எல்லோருமே பறப்போம். பாரம் ஏறிய அன்னாசி லாரி ரோட்டை அப்பிக்கொண்டு ஓடும். அதை நாற்பது மைல் வேகத்தில் வைத்துவிட்டால் எஞ்சின் சத்தம் ஒரே சீராகிவிடும். அந்தச் சத்தம்தான் எனக்குக் கணக்கு. வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கவே மாட்டேன்.

வீட்டு லாரி கைக்கு வந்தபோதும் அதே காதோடுதான் உட்கார்ந்தேன். நாற்பதில் எஞ்சின் சுகமாகப் பாடியது. பின்னால் தட்டும் டம்ளரும் உருண்டன, டிரெசர் திட்டினார். சாமானை இறுக்கிக் கட்டி வையுங்கள் என்று அவருக்கே புத்தி சொன்னேன். வளைவுகளில் வண்டி கொஞ்சம் சாய்ந்து, பிறகு ஒரு நொடி கழித்து இன்னொரு தரம் சாயும். அந்த இரண்டாவது சாய்வு எதனால் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வீடு உயரமாயிற்றே, ஆடத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். அதில் அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை.

அன்று காலை முழுவதும் அந்தத் தோட்டத்தில் டிரெசர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காரும் நேரத்தில், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்து லயங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலை. அவருடைய மனைவிக்கு முதல் பிரசவம். முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து வலி.

டிரெசர் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது முகம் மாறியிருந்தது.

"பிள்ளை குறுக்கே கிடக்கு. இங்க ஒண்டும் செய்யேலாது. சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். பிந்தினா ரெண்டு உயிரும் போகும்."

காலை ரயில் போய்விட்டது, அடுத்தது பொழுது சாய்ந்துதான். தோட்டத்து மானேஜர் துரையின் கார் வெளியூர் போயிருந்தது. கார் இருந்திருந்தாலும் அந்தப் பெண்ணால் அதில் உட்கார முடியாது. கட்டிலோடு இருந்த வண்டி எங்களுடையது ஒன்றுதான். சிகாமட் நாற்பது மைல் சுமார். ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னேன்.

அந்தப் பெண்ணைப் போர்வையில் தூக்கி வந்து என் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஏறுவதற்கு முன்னால் கணவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"ஐயா, மேல தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்குங்க?"

"பாதி இருக்கும். ஏன், குளிச்சிட்டு வர்றியா?"

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஏறி மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்ட டிரைவரிடம் தண்ணீர் வண்டிக்காரர் அதற்குமேல் என்ன பேசுவார்? அந்தக் காலத்துத் தோட்டம் அப்படி.

செம்மண் பாதையில் பொறுமையாகத்தான் வந்தேன். சாஆ ஊரில் பெரிய ரோட்டைப் பிடித்ததும் மிதித்தேன். முன்தினம் மழை பெய்து தார் ரோடு கழுவி விட்டதுபோல் இருந்தது. எதிரே வண்டி இல்லை. எஞ்சின் பாடத் தொடங்கியது. உள்ளே அந்தப் பெண் முனகுவது, எனக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் கேட்டது. முனகல் கூடக்கூட என் காலும் கீழே போயிற்று. சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நான் செய்யக்கூடிய ஒரே உபகாரம் என்று நினைத்தேன்.

லாபிஸுக்கு முன்னால் ஓர் இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் இடதுபக்கம் ஒரு வளைவு, அதை ஒட்டி ஒரு மரப்பாலம். எத்தனையோ தடவை போன பாதை. ஸ்டீயரிங்கை ஒடித்தேன். வண்டி வலதுபக்கம் சாய்ந்தது. சரி, நிமிரும் என்று இருந்தபோது தலைக்குமேல் 'தொம்' என்று ஒரு சத்தம். வண்டி இன்னொரு தரம் அதே பக்கம் சாய்ந்தது. என் இருக்கை என்னைக் கதவோடு சரித்து அழுத்தியது. இடதுபக்கத்துச் சக்கரங்கள் தரையில் இல்லை என்பது என் உடம்புக்கு உடனே தெரிந்துவிட்டது.

பிரேக்கை மிதித்திருந்தால் இன்று இதை எழுத நான் இல்லை. வளைவை விட்டுவிட்டு, வண்டி போகிற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். நல்ல வேளை, அந்தப் பக்கம் லாலான் புல் மண்டிய வெட்டவெளி. சக்கரங்கள் தடால் என்று கீழே விழுந்தன. புல்லுக்குள் கொஞ்சதூரம் ஓடி, ஒரு கால்வாய்க்கு இரண்டு முழம் முன்னால் வண்டி நின்றது. எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தேன். அலமாரி வாய் பிளந்து மருந்துப் புட்டிகள் உடைந்து கிடந்தன. டிரெசரின் நெற்றியில் ரத்தம். அந்தப் பெண் கட்டிலில் இல்லை. தரையில், கணவரின் மடியில் இருந்தாள். அவர் முதுகைப் பலகையில் முட்டுக் கொடுத்து, இரண்டு காலையும் எதிர்க் கட்டிலில் ஊன்றி, அவளை ஒரு சேலைத் தொட்டில்போல் பிடித்திருந்தார். வண்டி சாயும் என்று முன்கூட்டியே தெரிந்து, தயாராக உட்கார்ந்திருந்த மனிதரின் இருப்பு அது.

டிரெசர் குனிந்து அவள் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். நிமிர்ந்து, "துடிப்பு இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் அந்தக் கணவர் பேசினார்.

"மன்னிச்சிக்குங்கய்யா. தண்ணிதான் தள்ளுது. அரைப் பீப்பாயோட எறக்கத்துல போனா, பின்னால ஒரு ஆளு நின்னு தள்ளுற மாதிரி மாடு தடுமாறும். நான் நிறுத்தி, தண்ணிய ஊத்திட்டுத்தான் எறக்குவேன். புறப்படுறப்பவே சொல்லலாம்னு பார்த்தேன், மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

மனைவியை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கட்டையால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மூன்று மாதமாக நான் ஒதுக்கித் தள்ளிய அந்த இரண்டாவது சாய்வு என்னவென்று அவர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தே கண்டுபிடித்திருந்தார். அன்னாசி இடம் மாறி ஓடுகிற சாமான் இல்லை. தண்ணீர் ஓடும், அதுவும் தலைக்குமேல் இருந்து ஓடும்.

தொட்டியைத் திறந்து விடலாம் என்றேன். டிரெசர் ஒப்பவில்லை. "வழியில பிள்ளைக்கு ஏதும் ஆச்செண்டா நான் கைகழுவத் தண்ணிக்கு எங்க போறது?" என்றார். அதுவும் நியாயம்தான். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாளியும் ஒரு கெட்டிலும் நிறையப் பிடித்து, மூடி, கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு மற்றதைத் திறந்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். வாளியும் கெட்டிலும் நிறைந்ததும் கணவர் கூரைமேல் ஏறி அடைப்பைப் பிடுங்கிவிட்டார். ஜன்னல் திரையெல்லாம் நனைந்து தண்ணீர் கொட்டித் தீர்ந்தது. ஐந்தாறு நிமிஷம்தான். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிஷத்தை நான் பார்த்ததில்லை.

திரும்பவும் ரோட்டுக்கு ஏறும்முன் இன்னொன்றும் செய்தேன். என் இருக்கையில் இருந்துகொண்டு பின்னால் படுத்திருக்கிறவளின் பாடு எனக்குத் தெரியாது என்பது உறைத்துவிட்டது. கணவரைக் கூப்பிட்டு அந்தச் சின்ன ஜன்னலைக் காட்டினேன்.

"நீங்க இங்கேயே நில்லுங்க. ஒரு தட்டு தட்டினா வேகத்தைக் குறைப்பேன். ரெண்டு தட்டு தட்டினா கூட்டுவேன். யோசிக்காம தட்டுங்க."

முதலில் இருபதில் போனேன். ஒரு தட்டு. பாலத்துக்குப் பாலம், வளைவுக்கு வளைவு ஒரு தட்டு விழுந்தது. பத்து, பதினைந்து மைலுக்கு இறக்கினேன். என் பின்னால் வந்த ஒரு மூங்கில் லாரிகூட என்னை முந்திக்கொண்டு போயிற்று. வேறு நாளாக இருந்தால் அவனை விட்டிருப்பேனா? அன்று கையைக் காட்டி வழி விட்டேன்.

லாபிஸ் தாண்டி ரோடு நேராகப் படுத்த இடத்தில் இரண்டு தட்டு. தவறாகக் கேட்டுவிட்டதோ என்று அப்படியே போனேன். மறுபடியும் இரண்டு தட்டு. ஜன்னலில் அவர் வாய் தெரிந்தது.

"போலாம்ணே. அவளே சொல்றா. இப்ப வண்டி ஆடலையாம்."

ஐயா என்றவர் அண்ணே என்று கூப்பிட்டதை அப்போதுதான் கவனித்தேன். முப்பது வைத்தேன். தட்டு இல்லை. முப்பத்திரண்டு. ஒரு தட்டு விழுந்தது. முப்பதுக்கு வந்தேன். அன்றுதான் முதல்முதலாக முள்ளைப் பார்த்து ஓட்டினேன். காலித் தொட்டியோடு, நேர் ரோட்டில், நோயாளியை வைத்துக்கொண்டு அந்த வண்டிக்கு முப்பது மைல். வளைவில் பதினைந்து. தொட்டியில் அரைகுறையாகத் தண்ணீர் இருந்தால் ஓட்டவே கூடாது. இந்தக் கணக்கை எழுதி ஸ்டீயரிங்குக்கு மேலே ஒட்டிவைத்தேன். நான் அந்த வேலையை விட்டபிறகு வந்த டிரைவரும் அதைக் கிழிக்கவில்லை என்று கேள்வி.

சிகாமட் ஆஸ்பத்திரியில் நுழையும்போது மணி மூன்றரை தாண்டிவிட்டது. உள்ளே கொண்டு போனார்கள். டிரெசரும் கூடவே போய்விட்டார். நானும் கணவரும் வெளி வராந்தாவில் நின்றோம். சிகரெட் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார், பற்றவைக்கவில்லை. வெயில் வராந்தாவைவிட்டு இறங்கும்போது டிரெசர் வெளியே வந்தார். பெண் குழந்தை, தாயும் பிழைத்தாள் என்றார். டாக்டர் கையை விட்டுத் திருப்பி எடுத்ததாகவும், இன்னும் அரைமணி பிந்தியிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார்.

கணவர் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ரெண்டு உசிரையும் நீங்கதான் கொண்டாந்து சேத்தீங்க" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை. அவர் தோளைத் தட்டிக் கொடுத்து, "கவலைப்படாதீங்க" என்று பெரிய மனிதர்போல் சொன்னேன். அடுத்த சுற்றில் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது லயமே கூடி என்னைச் சுற்றிக்கொண்டது. வீட்டு லாரி டிரைவர் கவிழப்போன வண்டியை நிறுத்தி இரண்டு உயிரைக் காப்பாற்றினார் என்று கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். கோழி அடித்துச் சமைத்தார்கள். வண்டியைக் கவிழ்க்கப் பார்த்தவனும் நான்தான் என்பதை அந்தக் கணவர் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் விஷயத்தையும் சொல்லவில்லை. நானும் கோழியைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன். பஸ், டேங்கர், ஆம்புலன்ஸ்கூட. ஒரு விபத்தும் இல்லை என்று மார்தட்டிச் சொல்வேன். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் பின்னால் போய் உட்கார்ந்து, வேறு ஒருவரை ஒரு மைல் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் என் வேகத்தை முடிவு செய்வேன். இளம் டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள், செய்யட்டும்.

அந்தக் கணவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கடிதம் போட வழியில்லை. யுத்தத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் எந்தப் பக்கம் போயிற்று என்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண் பிள்ளை எங்கேயாவது இருந்து, ஒரு டிரைவர் உன்னைக் காப்பாற்றினார் என்று கேட்டு வளர்ந்திருப்பாள். அம்மா, அது நான் இல்லை, உன் அப்பா. இந்த ஒரு வரியை அந்த வராந்தாவிலேயே சொல்லத் தைரியம் இல்லாமல் போனதுதான், இத்தனை வருஷம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டிய எனக்கு இன்றும் உறுத்துகிறது.