பூஜை அலமாரியில் ஒரு நீல பாட்டில்

பழைய பாட்டில் சேர்க்கும் பைத்தியம் எனக்கு நியூ ஜெர்சிக்கு வந்த பிறகுதான் பிடித்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஆபீஸ் நண்பர் ஒருவர் சனிக்கிழமைகளில் என்னைக் கூட்டிப்போவார். நூறு வருஷத்துக்கு முந்தைய வீடுகளின் கொல்லையில் கக்கூஸ் குழி இருந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தோண்டுவோம். மருந்து பாட்டில், மை பாட்டில், வீட்டுக்குத் தெரியாமல் குடித்த சாராய பாட்டில் எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் அதில்தான் போட்டிருக்கிறார்கள். இப்போது அங்கே இருப்பது வெறும் மண். வாசனைகூடக் கிடையாது.

இதை என் மனைவிக்குப் புரியவைக்க முடியாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். பழைய சாமான் விற்கும் ஃப்ளீ மார்க்கெட்டில் வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். நண்பர் வீட்டுத் தோட்டக் குழாயிலேயே கழுவித் துடைத்துத்தான் கொண்டுவருவேன்.

என் சேகரிப்பைக் காயலான் கடை என்பாள். ஆனால் உள்ளங்கை உயரத்தில் ஒரு கருநீல பாட்டில் மட்டும் அவளுக்குப் பிடித்துப்போனது. பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, தண்ணீர் ஊற்றி, தினம் பூ வைத்தாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை.

தெற்கே இரண்டு மணி நேர தூரத்தில் ஒரு கண்ணாடி மியூசியம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பியபோது அவளும் கூட வந்தாள். நான் வயதைக் கணிக்க ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் அச்சுக்கோடு எதுவரை ஏறுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் போய்விட்டாள்.

"இங்க வாங்களேன். நம்ம முருகன் பாட்டில்."

அதேதான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஒரு நிமிஷம்தான் நீடித்தது. எங்கள் ஆர்வத்தைப் பார்த்துவிட்டு, சுற்றிக்காட்டும் வெள்ளைக்காரப் பெண்மணி பக்கத்தில் வந்தார். இந்த வகை பாட்டில்கள் பெரும்பாலும் பழைய வீடுகளின் கழிப்பறைக் குழிகளிலிருந்து தோண்டி எடுத்தவை என்று உற்சாகமாக விளக்கினார். என் மனைவி தேங்க் யூ சொன்னாள்.

ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்தபோது கேட்டாள்.

"நம்மளதும் அப்படித்தான் இருக்குமா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது.

"தெரியல. விக்கிறவன் அதெல்லாம் எங்க சொல்றான்."

"பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும். நல்லா ஏமாத்தி வித்திருக்கான்."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்தாள். என்னையும் குளிக்கச் சொன்னாள். பாட்டிலை கராஜில் வைத்துவிட்டு, அலமாரியை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்து, விளக்கேற்றினாள். பிறகு கைகூப்பி, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

"முருகா, தெரியாம வாங்கிட்டு வந்துட்டார். அவர்மேல தப்பில்ல."

நான் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.