செவ்வாயும் வியாழனும் எண்ணிய தலைகள்

1. விதி என்றால் விதி

சர்வே வேலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் நான் நுழையாத தெரு குறைவு. குடிநீர், சத்துணவு, எழுத்தறிவு வகுப்பு என்று எந்தத் திட்டம் வந்தாலும், அது மக்களுக்குப் பிரயோஜனப்பட்டதா இல்லையா என்று பார்த்து எழுதுவதுதான் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் என்ன நல்லது செய்தாய் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என்ன தப்பு செய்தாய் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம். நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தை மூட வைத்தேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. தங்கச்சிமடத்தை ஒட்டிய ஒரு கடற்கரைத் தெருவில் ஓலைக் கொட்டகை போட்ட மையம். படிப்பைப் பாதியில் விட்ட பெண்பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்து, திரும்பவும் பெரிய பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது திட்டம். டீச்சர் பிலோமினா அதே தெருக்காரர். பதிவில் இருபத்துநாலு பிள்ளைகள்.

இந்த மாதிரி மையங்கள் உண்மையிலேயே நடக்கின்றனவா, ரிஜிஸ்டரில் மட்டும் நடக்கின்றனவா என்று பார்க்கத்தான் எங்களை அனுப்பினார்கள். வழி ரொம்ப சுலபம். மையம் மாதாமாதம் தன் சராசரி வருகையை அனுப்பும். நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தலையை எண்ணுவோம். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் பொய்க்கணக்கு. டீச்சரிடம் காரணம் மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் ஆயிரம் சாக்கு வரும், மனசு இளகும், டேட்டா கெட்டுப்போகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று. நான் சுபாவத்திலேயே வெடுக்கென்று பேசுகிறவள். பேசாமலேயே வேலை முடியும் என்றால் கசக்குமா?

திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆபீஸில் மீட்டிங். புதன்கிழமை அபிராமம் பக்கத்து உள்நாட்டுக் கிராமங்கள். வெள்ளியும் சனியும் உட்கார்ந்து ஷெட்யூல்களைச் சரிபார்க்க வேண்டும். ஷெட்யூல் என்றால் கேள்வித்தாள். ஃபீல்டில் அப்படித்தான் சொல்வோம். மிஞ்சியது செவ்வாயும் வியாழனும். அந்த நாட்களில் பாம்பன் பாலம் தாண்டிக் கடற்கரை மையங்களுக்குப் போவேன்.

பிலோமினா டீச்சரின் மையத்துக்கு நாலு தடவை போனேன். ஒரு தடவை ஐந்து பேர், ஒரு தடவை ஆறு பேர். ஏழைத் தாண்டவே இல்லை. மாதச் சராசரியோ பதினெட்டு என்று வந்துகொண்டிருந்தது. எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது.

"மேடம், இன்னைக்கு என்னன்னா..." என்று டீச்சர் ஆரம்பிப்பார்.

"டீச்சர், இன்னைக்கு என்னங்கிறது எனக்கு வேணாம். எத்தன பேருங்கிறது மட்டும் போதும்" என்பேன்.

நாலு தடவையும் இதே பேச்சுதான். "வருகைப் பதிவு நம்பத்தக்கதாக இல்லை" என்று அறிக்கையில் எழுதினேன். ஒரே வரி. இரண்டு மாதத்தில் மையத்தை மூட உத்தரவு வந்தது. ஒரு போலியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அன்றைக்கு நான் ஆபீஸில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2. கரையில்

மையம் மூடி மூன்று வாரம் இருக்கும். அதே தெருவில் வீட்டு சர்வே பாக்கி இருந்தது. வழக்கம்போல ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். வீட்டுக்கு வீடு பூட்டு. பெட்டிக்கடை அம்மாவிடம் கேட்டேன்.

"இந்நேரத்துக்கு யாரு வீட்டுல இருப்பா? எல்லாம் கரையில கெடக்கும். அங்கன போயிப் பாருங்க" என்றார்.

போனேன். படகுகள் வந்து நின்றிருந்தன. கொட்டகைக்குள் இறால் குவியல் குவியலாகக் கிடந்தது. சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து இறாலின் தலையைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே சின்னப் பிள்ளைகள். ஒருத்தியிடம் பெயர் கேட்டேன். எங்கே படிச்சே என்று கேட்டேன். "பிலோமினா டீச்சர்ட்ட" என்றாள். அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். அதற்கு அடுத்தவளும்.

ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். பெயர் சவேரியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"நீதான அந்தத் தலை எண்ணுற பொம்பள?"

"ஆமாம்மா."

"ஏத்தா, ஒனக்கு எந்த ஊரு?"

"அபிராமம் பக்கம்."

"வெவசாயமா?"

"ஆமா. நெல்லு, மொளகா."

"அப்ப ஒனக்கு ஒண்ணு கேக்குறேன். அறுப்பு அன்னைக்கு ஒருத்தன் ஒங்க வீட்டுக்கு வந்து, வீட்டுல எத்தன பேரு இருக்கீகன்னு எண்ணிட்டுப் போனா ஒங்கய்யா என்ன சொல்லுவாரு?"

அந்த அம்மா விடவில்லை.

"திங்க, பொதன், சனி படகெல்லாம் கடலுக்குப் போகும். செவ்வா, வியாழன், ஞாயிறு காலைல எறாவோட வரும். அன்னைக்கே கிள்ளிப் போடலைன்னா அம்புட்டும் நாறிப்போகும். நண்டு சிண்டுகூட அன்னைக்கு இங்கனதான். மத்த நாளு எம்மக ஒரு நாளு பள்ளிக்கூடம் தப்புனதில்ல. நீ செவ்வாக்கெழமையாப் பாத்து வந்து எண்ணிட்டு, டீச்சரு பொய் எழுதுறாருன்னு சொல்லிட்டுப் போயிட்டியே, நல்லா இருக்கா?"

அவருக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஜெனிட்டா. அவர் மகள். பன்னிரண்டு வயது. கையை நிறுத்தாமலே கேட்டாள்: "சர்வேக்கா, பள்ளிக்கூடம் எப்பத் தெறப்பாக? எனக்கு வகுத்தல் கணக்குல பாதிதான் சொல்லிக்குடுத்திருக்காக."

"கேட்டுச் சொல்றேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

இதில் கொடுமை என்னவென்றால், அந்த சர்வேக்கு நாள் குறித்ததே நான்தான். தை மாதம் அறுப்பு, ஒருத்தரும் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்று சொல்லி உள்நாட்டுக் கிராமங்களின் பட்டியலில் அந்த மாதத்தை அடித்துவிட்டவளும் நானே. என் ஊர் வேலை எனக்குத் தெரியும். கடல் வேலை தெரியாது. தெரியாது என்பதுகூடத் தெரியாமல்தான் நான் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

3. திறக்காத ரிஜிஸ்டர்

கரையிலிருந்து நேரே பிலோமினா டீச்சர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உள்ளே போய் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

திங்கள் நிறைந்திருந்தது. செவ்வாயில் அஞ்சாறு பேர், மற்றவர்களுக்கெல்லாம் ஆப்சென்ட். புதன் நிறைவு. வியாழன் திரும்பவும் ஆப்சென்ட். வெள்ளி, சனி நிறைவு. மாதம் பூராவும் இப்படித்தான். நான் போன நாலு நாளையும் தேடிப் பார்த்தேன். நான் எண்ணிய அதே எண்ணை அவரும் எழுதியிருந்தார். பொய்க்கணக்கு எழுதுகிறவள் வராத பிள்ளைக்கு ஆப்சென்ட் போடுவாளா? நாலு தடவை அந்தக் கொட்டகைக்குள் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட அதைப் புரட்டவில்லை. எங்கள் ஷெட்யூலில் மாதச் சராசரிக்கு ஒரு கட்டம், அன்றைய தலைக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பிவிட்டு பஸ் பிடிக்க ஓடிவிடுவேன்.

"மேடம், நான் நாலு தரம் வாயத் தொறந்தேன். நாலு தரமும் அடக்கிட்டீக" என்றார் டீச்சர். "செவ்வா, வியாழன் லீவு விட்டுட்டு மத்த நாளு கூட ஒரு மணி நேரம் வச்சுக்கிறேன்னு திட்ட ஆபீசுக்கும் எழுதிப் போட்டேன். ஆறு நாளும் தெறந்திருக்கணும்னு பதில் வந்துச்சு. சரின்னு அஞ்சு பிள்ளைகள வச்சுக்கிட்டாவது உக்காந்திருந்தேன்."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"எனக்கு எதுக்கு மேடம் மன்னிப்பு? கோயில்ல பூசைக்குப் போனாக்கூட என்னைய ஒரு மாதிரிப் பாக்காக. கள்ளக்கணக்கு டீச்சராம். அதக்கூட விட்டுத் தள்ளுங்க. எம்பிள்ளைகளைக் கொண்டாங்க, போதும்."



4. டைரக்டர் அறை

எங்கள் டைரக்டர் மதுரையில் இருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் போய்வந்த மற்றக் கடற்கரை மையங்களின் தாள்களையும் எடுத்துப் பரப்பினோம். எல்லாவற்றிலும் செவ்வாய், வியாழன்.

"ரிப்போர்ட் சென்னைக்குப் போயாச்சும்மா. இப்பப் போயி எங்க டேட்டாவே தப்புன்னு சொன்னா, அடுத்த ஸ்டடிய நம்மகிட்ட எவன் குடுப்பான்?"

"தப்பு என்னுது சார். நாள் குறிச்சது நான். எம்பேரப் போட்டே எழுதித் தர்றேன்."

"வேலைக்கே உலை வச்சுக்கிறீங்களே."

"வச்சுக்கிறேன் சார். அங்க ஒரு பொம்பளப்புள்ள என்னைய கேள்வி கேட்டுட்டு உக்காந்திருக்கா."

பரப்பிய தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "எழுதிட்டு வாங்க" என்றார்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எந்த நாளில் எண்ணினோம், ஏன் அந்த நாளில் எண்ணியிருக்கக் கூடாது, ரிஜிஸ்டர் எப்படி உண்மை, வகுப்பு நாளை எப்படி மாற்றலாம் என்று எல்லாமே. என் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். டைப் அடித்துச் சென்னைக்குப் போன பிரதியைப் பிறகு பார்த்தேன். என் பெயருக்கு மேலே அவர் தன் கையெழுத்தையும் போட்டிருந்தார். அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வேலையும் போகவில்லை.

ஒரு வரியில் மூடிய பள்ளிக்கூடத்தைத் திறக்க ஏழு மாதம் ஆயிற்று. நான் அலையாத படி இல்லை, கேட்காத ஏச்சு இல்லை. கடைசியில் உத்தரவு வந்தது. கடற்கரை மையங்களுக்குச் செவ்வாய், வியாழன் விடுமுறை என்றும் அதில் இருந்தது.

5. வந்த கடிதம்

திறந்த வாரம் ஒரு புதன்கிழமை போனேன். கொட்டகை நிறையப் பிள்ளைகள். பிலோமினா டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது. கண்ணால் துழாவினேன், ஜெனிட்டாவைக் காணவில்லை.

"கேரளாவுக்குப் போயிட்டா மேடம். எறா கம்பெனிக்கு. போன மாசம் ஒருத்தன் வேன் கொண்டாந்து நாலஞ்சு பிள்ளைகள ஏத்திட்டுப் போனான். பள்ளிக்கூடம் மட்டும் நடந்திருந்தா சவேரியம்மா விட்டிருக்க மாட்டாக" என்றார் டீச்சர்.

எப்படி அந்த வீட்டுக்குப் போனேன் என்று நினைவில்லை. சவேரியம்மாள் வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"வாத்தா. நல்ல நேரத்துக்கு வந்த. காலைல எம்மக கடுதாசி வந்துச்சு. நமக்குத்தான் எழுத்து தெரியாதே. இத வாசிச்சுட்டுப் போ."

பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். கோணல் இல்லாத எழுத்து. படித்தேன்.

"அன்புள்ள அம்மாவுக்கு ஜெனிட்டா எழுதுவது. நான் சுகம். நீ சுகமா. இங்கே ஐஸில் வேலை. விரல் மரத்துப் போகுது. சாப்பாடு பரவாயில்லை, ஆனால் மீன் குழம்பு நம்ம குழம்பு மாதிரி இல்லை. டீச்சரைக் கேட்டதாகச் சொல். பள்ளிக்கூடம் திறந்தால் உடனே எழுது, நான் வாரேன். உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இதை உனக்குப் படித்துக் காட்டும் நல்லவங்களுக்கு..."

அதற்கு மேல் எனக்கு வாசிக்க வரவில்லை. சவேரியம்மாள் பயந்துபோனார்.

"என்னத்தா நிப்பாட்டிட்ட? எம்புள்ளைக்கு எதும் ஆயிருச்சா?"

"இல்லம்மா, ஒண்ணும் ஆகல" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைப் படித்தேன்.

"...என் நன்றி. அவங்க நல்லா இருக்கணும்னு மாதாகிட்ட தினமும் வேண்டிக்கிறேன்."

"யாருக்காம்?"

"எனக்கும்மா."

சவேரியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பதில எழுது" என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பள்ளிக்கூடத்தை மூட வைத்தது நான்தான் என்று ஆரம்பித்தேன். படித்துக் காட்டியபோது அந்த அம்மா தடுத்துவிட்டார். "அதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு எதுக்கு? தெறந்தாச்சு, வான்னு மட்டும் எழுது."

அப்படியே எழுதினேன். ஜெனிட்டா வந்தாள். கம்பெனிக்காரன் லேசில் விடவில்லை; பிலோமினா டீச்சரும் சவேரியம்மாளும் நேரில் போய்க் கூட்டிவந்தார்கள். பின்னால் அவள் பெரிய பள்ளிக்கூடத்திலும் சேர்ந்தாள். குளிர்காலத்தில் அவளுக்கு விரலை நீட்டி மடக்கச் சிரமமாக இருக்கும் என்று டீச்சர் ஒரு தடவை சொன்னார். நன்றாக எழுதுகிற கை அது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, உங்கள் சாம்பிள் சரியாக இருக்கலாம், கேள்வித்தாள் சரியாக இருக்கலாம். ஒரு ஊருக்குள் போனால் முதலில், "நீங்க எந்த நாள் வீட்டில இருப்பீங்க?" என்று கேளுங்கள். காரணம் கேட்பதால் டேட்டா கெட்டுப்போகாது. நான் கேட்காமல் போனதற்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஐஸில் கை வைத்து வேலை பார்த்தாள். பார்த்துக்கொண்டே எனக்காக வேண்டிக்கொண்டும் இருந்தாள்.