இரண்டாம் ஞாயிறு, மண்ணச்சநல்லூர்

முதலில் ஓர் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையின் ஜெபமணி அண்ணன் தில்லை நகர் ஆஸ்பத்திரி ஒன்றில் கிடந்த அந்தச் சனிக்கிழமை காலை, அவரைப் பார்த்து ஜெபம் செய்துவிட்டு வரவேண்டிய முறை என்னுடையது. எனக்குக் காய்ச்சல் என்று போதகருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் இரண்டாவது தட்டு நெய்ப் பொங்கலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசனை எனக்கு ஆகாது, பொங்கல் வாசனை ஆகும். இதற்கு மேல் உருப்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

"ஜுரம்னு சொன்னாளே ஸார்" என்று தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

நிமிர்ந்தால், ரங்கராஜன் ஸார். திருவெறும்பூர் தொழிற்சாலையில் அண்ணனோடு ஒரே ஷெட்டில் பல வருடம் வேலை பார்த்தவர். ஸ்ரீரங்கத்து ஐயங்கார். அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து, எங்கள் சபையார் முறை வைத்துப் போனபோது, முறை எதுவும் வைக்காமல் தினமும் போனவர்.

"இப்பத்தான் விட்டுச்சு ஸார்" என்றேன். அதை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஜெபமணி பரமபதிச்சுட்டார். விடிஞ்சு கொஞ்ச நாழிதான் ஆச்சு, நான் பக்கத்துலதான் இருந்தேன். சபைக்குச் சொல்லணும்னு ரூத் சொன்னா. யாரைப் பார்த்துச் சொல்றதுன்னு யோசிச்சுண்டே வந்தேன். நல்லவேளை, நீங்க இருந்தேள்."

ஒரு மெதடிஸ்ட் பிரசங்கியார் காலமான செய்தி, சபையின் முன்னாள் செயலாளரான எனக்கு, பொங்கல் தட்டுக்கு முன்னால், பரமபதம் என்ற சொல்லோடு வந்து சேர்ந்தது. அண்ணன் இருந்திருந்தால் இதை மண்ணச்சநல்லூரில் ஒரு பிரசங்கமாக்கியிருப்பார். ஏழு நிமிடத்தில் முடித்துமிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த ஏழு நிமிடம் பழக்கமானது. ஆனால் அவர் பிரசங்கியார் ஆன கதை உங்களில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளான நான் இருபது வருடத்துக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஊர்க்கதை அத்தனையும் பேசுகிற என் வாய் அந்த ஒன்றை மட்டும் எப்படிக் காத்தது என்று எனக்கே ஆச்சரியம்தான். பயம், வேறென்ன.

அப்போது அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் சபைக் கோயிலில் மைக் செட் பார்ப்பார். ஒருநாள் போதகரிடம் போய், பிரசங்கிக்கும்படி ஆண்டவர் தன்னை அழைக்கிறார் என்று சொன்னார். எங்கள் வழக்கத்தில் அது மட்டும் போதாது. உள்ளே கேட்கும் அழைப்பு ஒன்று, சபை கொடுக்கும் அழைப்பு ஒன்று, இரண்டும் வேண்டும். ஆகவே கமிட்டிக்கு முன்னால் அவரைச் சோதனைப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். அண்ணன் எழுந்தார், நான்கு நிமிடம் பேசினார், உட்கார்ந்துவிட்டார்.

கமிட்டியில் ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். "என்ன ஜெபமணி, அவ்வளவுதானா?"

"சொல்ல வந்ததைச் சொல்லிட்டேங்க ஐயா."

"விளக்கம் எங்கப்பா?"

"ஆண்டவரு சொல்லிட்டு வரத்தான் சொன்னாரு. விளக்கிட்டு வரச் சொல்லலைங்களே."

கமிட்டி சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே. இன்னும் சில காலம் காத்திருக்கட்டும் என்று தீர்மானம் எழுதினேன். அந்தச் சில காலம் மூன்று வருடம் நீண்டது. அந்த மூன்று வருடமும் அவர் மைக்கின் உயரத்தை மற்றவர்களின் வாய்க்குச் சரிசெய்துகொண்டிருந்தார். தான் கேட்ட அழைப்பு நிஜமா, மனப்பிரமையா என்று மனிதர் உள்ளுக்குள் அரைபட்டுக்கொண்டிருந்ததை அவர் மனைவி ரூத் அக்கா சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இங்கே பிளானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஞாயிறு, எந்த ஜெப வீட்டில், யார் பிரசங்கம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் அச்சிடும் தாளுக்குத்தான் அந்தப் பெயர். அதில் பெயர் வந்துவிட்டால் போயாக வேண்டும். சபையின் அழைப்பு என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி எங்களிடம் கிடையாது. தாளின் கடைசி வரி எப்போதும் மண்ணச்சநல்லூர். ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் இரவல் அறை, எட்டுக் குடும்பம், இரண்டாம் ஞாயிறு மட்டும் ஆராதனை. அங்கே போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியருக்குக் கண் மங்கிவிட்டது. வேறு யாரும் போகத் தயாராக இல்லை. (எனக்கு அப்போதும் அடிக்கடி காய்ச்சல் வரும்.) ஆகவே இந்த மூன்று மாதம் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவது, அடுத்த பிளானில் வரியையே எடுத்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்தது.

பிளானையும் மைக் செட் முறைப் பட்டியலையும் ஒரே கம்ப்யூட்டர் சென்டரில், ஒரே மதியத்தில், பக்கத்துக் கடை பஜ்ஜியைத் தின்றுகொண்டே நான்தான் அடித்தேன். கோடு விழ வேண்டிய கட்டத்தில் மைக் செட் பட்டியலிலிருந்து ஒரு பெயரை ஒட்டிவிட்டேன். கடைசி வரியை யாரும் படிப்பதில்லை என்பதால் கமிட்டி கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒருவர் படித்தார்.

தவறு எனக்குத் தெரிந்தது அந்த இரண்டாம் ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. திருத்திவிடலாம் என்று சாயங்காலம் அண்ணனின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் கட்டில் ஓரத்தில் நின்று பிரசங்கித்துக்கொண்டிருந்தார். ரூத் அக்கா கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் ஏதோ தீயும் வாசனை. இருவருக்கும் அது தெரியவில்லை.

"வாங்க செக்ரட்டரி தம்பி" என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு வருஷம் ஆச்சு. நான்தான் தப்பா நினைச்சுக்கிட்டேனோன்னு இருந்துச்சு. சபையே கூப்பிட்டுருச்சு பாருங்க."

"அது வந்து அண்ணே..."

"சொல்லுங்க."

"காலையில பனி இருக்கும். மஃப்ளர் போட்டுக்கிட்டுப் போங்க."

அக்கா தீய்ந்த உப்புமாவில் எனக்கும் ஒரு தட்டு வைத்தார். முழுவதையும் தின்றேன். அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுவாரம் கமிட்டி கூடியது. மண்ணச்சநல்லூருக்கு ஜெபமணி போய்வந்தார் என்று தெரிந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்தான் பெயர் போட்டிருப்பார் என்று நினைத்துப் பேசாமல் இருந்தார்கள். அறையை மூடுவதா வேண்டாமா என்பது அன்று அண்ணன் சொல்லப்போகிற பதிலில் தொங்கியது. அவருடைய அழைப்பும் அதிலேயேதான் தொங்கியது.

"கூட்டம் எப்படி இருந்துச்சு ஜெபமணி?" என்றார் போதகர்.

"எல்லாரும் கவனமா கேட்டாங்கய்யா. ஒருத்தர்கூட பாதியில எழுந்து போகலை."

"நெசமாவா?"

"புதுசா ஒருத்தர்கூட வந்திருந்தாருங்க."

புது ஆள் என்றதும் கமிட்டி நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் பெரிய கோயிலுக்கே புது ஆள் வந்து பல காலம் ஆகியிருந்தது. கோடு அழிந்தது, அறை பிழைத்தது. வருடம் முடிவதற்குள் ஜெபமணி முறைப்படி சபைப் பிரசங்கியார் ஆனார்.

அதன் பிறகு இரண்டாம் ஞாயிறு என்றால் அண்ணனின் மொபெட் திருவெறும்பூரிலிருந்து புறப்பட்டு, காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன் ஸார் வீட்டு வாசலில் நிற்கும். அங்கே ஒரு டபரா காபி. காபி ஆறுவதற்குள் அன்றைய பிரசங்கம் முழுவதையும் அவரிடம் சொல்லிக்காட்டுவார். பிறகு கொள்ளிடம், மண்ணச்சநல்லூர். எங்கள் சபையில் அண்ணனின் பிரசங்கங்களை அதிகம் கேட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், பரிசு வடகலையோ தென்கலையோ ஒன்றுக்குத்தான் போயிருக்கும்.

ஒரு முறை நானும் கூடப் போனேன். சாப்பாடு உண்டு என்று சொன்னார்கள். ஆராதனை நடக்கையில் சுவருக்கு அப்பால் ஆலை ஓடுகிறது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஷினை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் முதலாளி மறுத்துவிட்டாராம். அண்ணன் பிரசங்கத்தின் நடுவில் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் கேட்டார். "இருங்க, வந்துடறேன். அங்க ஒரு பேரிங் போகப்போகுது" என்று வெள்ளைச் சட்டையோடு ஆலைக்குள் போய்விட்டார். அரைமணி கழித்து, முழங்கை வரை கிரீஸோடு, முதலாளியையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். விட்ட வாக்கியத்திலிருந்து தொடர்ந்தார்.

முதலாளி வாசலில் நின்றபடியே கேட்டார். முடிந்ததும், "இனிமே நீங்க வர்ற ஞாயித்துக்கிழமை இந்த நேரத்துக்கு மிஷின் ஓடாதுங்க" என்றார். அதற்குப் பிறகு ஓடவில்லை.

திரும்பும் வழியில் மனசாட்சி உறுத்தி, சுற்றி வளைத்துக் கேட்டேன். "அண்ணே, உங்களுக்கு அழைப்பு வந்தது நிச்சயம்தானா? எதையாவது பார்த்து ஏமாந்துட்டோம்னு தோணினதே இல்லையா?"

"அழைப்பு வந்துச்சான்னு என்னைக் கேட்காதீங்க தம்பி. போனேனான்னு கேளுங்க."

வருடத்தின் முதல் ஞாயிறு, எங்கே அனுப்பினாலும் போகிறோம் என்று நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வாக்குக் கொடுப்போம். அது மெதடிஸ்ட் வழக்கம். திங்கட்கிழமை மறந்துவிடுவது என் வழக்கம். அண்ணனுக்கு ஞாபகசக்தி அதிகம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ரூத் அக்காவிடம் போய் பிளான் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் முழுவதையும் கேட்டார். அழுவாரா, திட்டுவாரா என்று நான் செருப்பின் மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

"இப்ப என்ன, திருத்திப் போடப் போறீங்களா?" என்றார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டாம் ஞாயிறுதான். புதுப் பிளானில் அந்தக் கடைசிக் கட்டத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்கும் வரை, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை காய்ச்சல் வரவில்லை. வரவழைத்தும் பார்த்தேன்.

போன இரண்டாம் ஞாயிறு போகிற வழியில் ரங்கராஜன் ஸார் வீட்டில் நின்றேன். காபி வந்தது. என் பிரசங்கத்தைச் சொல்லிக்காட்டினேன். பதினொரு நிமிடம். "நாலு நிமிஷம் கழிச்சுடுங்கோ" என்றார். பேச்சு அண்ணனின் முதல் ஞாயிறுக்குப் போயிற்று. அந்தக் கமிட்டிக் கதையை, புதுசாக வந்தவர் உட்பட, அவருக்குச் சொன்னேன். அவர் டபராவைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு மொபெட்ல பின்னாடி உக்காந்து நானும் போயிருந்தேன் ஸார், தனியாப் போக அவருக்குக் கூச்சமா இருக்குன்னு. அந்த எட்டுக் குடும்பமும், இனிமே யாரும் வரமாட்டான்னு நினைச்சுண்டு வரவேயில்லை. அடுத்த மாசம்தான் வீடுவீடாப் போய்க் கூப்பிட்டார். முதல் நாள் அந்த ரூம்ல இருந்தது அடியேன் ஒருத்தன்தான்."