கண் மூடினால் கத்துகிற கார்

கார் வாங்க வருகிறவர்கள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஸ்டியரிங்கைத் தடவிப் பார்ப்பார்கள். பின்சீட்டில் கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லிஃப்ட் மெக்கானிக் இதில் எதையும் செய்யவில்லை. ஷோரூமுக்குள் நுழைந்ததும் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். பளபளவென்றிருந்த தரையில் மல்லாந்து படுத்து, வண்டியின் மூக்குக்கு அடியில் தலையை நுழைத்தார்.

டை கட்டிய விற்பனையாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "சார், என்ன ஆச்சு? ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஒண்ணும் விழலை. நீங்க போன்ல சொன்னதெல்லாம் இருக்கான்னு பார்க்கிறேன்."

கூட வந்த தங்கை நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் இது மூன்றாவது ஷோரூம். முதல் ஷோரூமில் காவலாளியே வந்து இவரை எழுப்பிவிட்டார். இரண்டாவதில், எந்தக் கம்பெனியிலிருந்து உளவு பார்க்க வந்திருக்கிறார் என்று கேட்டார்கள்.

அவருக்கு இருபத்தாறு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கம்பெனியில் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, 'டார்ச்' என்றால் வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு லிஃப்டில் கதவின் சென்சார் சரியாக இருப்பதாகப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நம்பி, மூடுகிற கதவுக்கு நடுவே கையை வைத்தார். இடது கை மோதிர விரல் இன்றைக்கும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. எரிவது விளக்கின் வேலை, நிற்பது கதவின் வேலை, இரண்டும் வேறு வேறு என்று அன்று அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்து, துணி சுற்றி வருகிற அட்டைக் குழாய் ஒன்று எப்போதும் அவர் பையில் இருக்கும். எந்த லிஃப்டாக இருந்தாலும், மூடுகிற கதவுக்கு நடுவே அந்தக் குழாயை நீட்டி, கதவு திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பராமரிப்பு அட்டையில் கையெழுத்துப் போடுவார். மேலே போகக் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அது அவர் காதில் விழாது.

வீட்டிலும் அதே கதைதான். "பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே என்னை ரெண்டு தடவை ஏற இறங்கப் பார்த்துட்டுத்தான் சரின்னாரு. டார்ச் அடிக்காம விட்டாரேன்னு நான் சந்தோஷப்பட்டேன்" என்பாள் மனைவி.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் தங்கை. அவள் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். வேலைக்குப் போகிற இடமெல்லாம், லிஃப்ட் பெட்டியைத் திறந்துகொண்டே, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார்: "நான் லிஃப்டுக்கு உள்ள பார்க்கிறவன். என் தங்கச்சி மனுஷனுக்கு உள்ள பார்க்கிறவ."

அந்தத் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, வண்டியை மாத்தலாம்னு இருக்கேன். கொஞ்சம் உசரமா, கட்டுறுதியா ஒரு எஸ்யூவி. ரொம்ப விலை போக முடியாது. ஆனா மூணு விஷயம் கட்டாயம் வேணும். முன்னாடி ஏதாவது வந்தா தானா பிரேக் போடணும். கோட்டைத் தாண்டினா தானா திருப்பி விடணும். முக்கியமா, ஓட்டறவங்க கண்ணை மூடினா கத்தணும்."

"கண்ணை மூடிக்கிட்டு எவ கார் ஓட்டுவா?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான்."

வேறு யாராவது அந்த 'சும்மா'வைச் சொல்லியிருந்தால், அன்றைக்கே அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்திருப்பார். படித்த தங்கை, அந்த ஆஸ்பத்திரியில் இத்தனை டாக்டர்கள் இருக்க, தன்னைத் தேடி வந்து கேட்கிறாளே என்ற பூரிப்பில் அது காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் பாதி தூரம் லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலை. நடுவில் ஒரு நீளமான பாலம். வாரத்தில் ஆறு நாள் அவள் அந்தச் சாலையில் போய்வருகிறாள். ஆக, தங்கையின் உயிர் உட்கார்ந்து போகிற பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார்.

நோட்டில் கட்டம் போட்டார். கம்பெனிக்காரர்கள் ஒரே விஷயத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். ஏமாற்றுகிற வேலை அங்கேயே ஆரம்பிக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதனால் அந்தப் பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டுத் தன் பாஷையில் எழுதினார்: 'தானே பிரேக்.' 'கோடு தாண்டினால் திருப்புவது.' 'கண் மூடினால் கத்துவது.' மோதவிட்டுப் பார்த்த சோதனையில் எத்தனை நட்சத்திரம், காற்றுப்பை எத்தனை, எந்த விலையில் எது இருக்கிறது, எது இல்லை. முதல் ஷோரூமில் கத்துவது இல்லை. இரண்டாவதில் மூன்றும் இருந்தன, ஆனால் கூரை திறக்கிற வண்டியில் மட்டும்தான். கூரை திறக்காதவன் உயிர் மட்டமா என்று கேட்டுவிட்டு வந்தார்.

இந்த மூன்றாவதில்தான் இப்போது தரையில் படுத்திருக்கிறார். எழுந்து, பக்கத்தில் நின்ற அதே மாடலின் விலை குறைந்த வண்டிக்கு முன்னால் போய்க் குந்தினார். பம்பரின் நடுவே வட்டமாக ஒரு பிளாஸ்டிக் மூடி. டார்ச்சின் பின்பக்கத்தால் தட்டினார். டொக் டொக்கென்றது.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே? வெறும் மூடியைப் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்க."

"சார், அது ரேடார் வைக்கிற இடம். மேல் விலை வண்டியில வரும். இதுல பிரேக்குக்கு கேமராதான். கண்ணாடிக்கு மேல பாருங்க."

"அப்போ அங்க ரெண்டு கண்ணு, இங்க ஒரு கண்ணா?"

"சார், நகரத்து வேகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் இதுவே..."

"வாயால வேண்டாம். போட்டுக் காட்டுங்க."

ஷோரூமுக்குப் பின்னால் வண்டி கழுவுகிற காலி இடம் இருந்தது. உதிரிப் பாகங்கள் வந்த அட்டைப் பெட்டிகள் சுவரோரம் குவிந்து கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, ஆள் உயரத்துக்கு அடுக்கினார். அடுக்கியது நேராக நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு விற்பனையாளருக்குப் பக்கத்தில் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க. பிரேக்ல கால் வைக்கக் கூடாது."

"சார், இது அட்டைப் பெட்டி சார்..."

"ஏன், பயமா இருக்கா?"

விற்பனையாளர் பெருமூச்சு விட்டு வண்டியைக் கிளப்பினார். வண்டி எதையும் கண்டுகொள்ளாமல், இருபது கிலோமீட்டர் வேகத்தில், அலுங்காமல் குலுங்காமல் பெட்டிகளுக்கு நடுவே புகுந்து போனது. ஒரு பெட்டி கண்ணாடி மேல் வந்து உட்கார்ந்தது.

லிஃப்ட் மெக்கானிக்கின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. இறங்கும்போதே சத்தம் போட்டார். "பார்த்தியாம்மா? இருபத்தாறு வருஷமா இதைத்தான் சொல்றேன்! விளக்கு எரியும், வேலை நடக்காது!"

விற்பனையாளர் கையேட்டை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் பிரித்தார். கார், லாரி, இரு சக்கர வண்டி, மனிதர் இவற்றைத்தான் அந்தக் கேமராவுக்கு அடையாளம் தெரியும், மற்ற பொருள்களுக்கு நிற்கும் என்று உறுதி இல்லை என்று அதில் அச்சாகியிருந்தது.

"நல்லா தப்பிக்கிறீங்க" என்றார் அவர்.

தங்கை குறுக்கே வந்தாள். "அண்ணே, எங்க எக்ஸ்ரே ரூம்ல ஒருத்தர் வாழைப்பழத்தைக் கொண்டுவந்து வச்சுட்டு, எலும்பே தெரியலை, மெஷின் கெட்டுப்போச்சுன்னு கத்தினா நான் என்ன பண்ணணும்?"

விற்பனையாளர் சிரிப்பை அடக்க டையைச் சரி செய்துகொண்டார். லிஃப்ட் கதவைப் பார்க்கிற மாதிரி காரைப் பார்த்துவிட்டோம் என்பது அண்ணனுக்கு மெல்ல உறைத்தது. கையேட்டை வாங்கி, கவிழ்ந்து கிடந்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, விரலை ஓட்டி ஓட்டி அந்த அத்தியாயம் முழுவதையும் படித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. விற்பனையாளர் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்தார்.

பிறகு பின்பக்கத்துச் சாலையில் நடு விலை வண்டியைத் தங்கை ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கோட்டை உரசியபோது ஸ்டியரிங் அவள் கையை மெல்லத் தள்ளியது. முன்னால் போன வேன் சட்டென்று வேகம் குறைத்தபோது, பிரேக்குக்கு அவள் கால் போவதற்குள் வண்டி அலறி, தானே பிரேக் போட்டது. "ஓடற வண்டியில கண்ணை மூட வேண்டாம், என்னைத் திரும்பிப் பாரு, அதுவே போதும்" என்றார். அவள் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பாதையைப் பார்க்கச் சொல்லிக் கத்தியது. வண்டியின் மேல் அவருக்கு முதல் முறையாக ஒரு மரியாதை வந்தது. நோட்டில் மூன்று கட்டத்திலும் டிக் போட்டார்.

"நடு விலை வண்டி போதும். கூரை திறக்க வேண்டாம், வானத்தை இறங்கிப் பார்த்துக்கலாம்" என்றார்.

"புக்கிங் போட்டுடலாமா சார்?" விற்பனையாளருக்கு உயிர் வந்தது. "பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறோம். மதிப்புப் போடறவர் பார்த்துட்டே இருக்கார்."

வெளியே தங்கையின் பழைய சின்ன கார் நின்றது. மதிப்புப் போடுகிறவர் கையில் ஒரு காகிதத்தோடு அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் இடதுபக்கத்தைப் பேனாவால் காட்டினார்.

"மேடம், இந்தப் பக்கம் முழுசும் டச்சப் பண்ணியிருக்கீங்க. ஒரே கோடா இருக்கே, பாலத்துக் கம்பியில உரசினதுதானே? ஓடற வேகத்துல உரசியிருக்கு. கொஞ்சம் குறைச்சுத்தான் போட முடியும்."

தங்கை கீழே பார்த்தாள்.

அவர் டார்ச்சை அடித்தார். வெயிலில் டார்ச் தேவையே இல்லை. முன் சக்கரத்துக்கு மேலே தொடங்கி, இரண்டு கதவையும் கடந்து, பின்விளக்கு வரை ஒரே நேர்கோடு. பூசிய பெயிண்டுக்கு அடியில் தகரம் வரிவரியாக உள்வாங்கியிருந்தது. மூன்று வாரமாக ஊரில் உள்ள கார்களுக்கெல்லாம் அடியில் படுத்து எழுந்த மனிதர், வாசலில் வந்து நிற்கிற தங்கையின் காரை ஒரு முறை சுற்றி வரவில்லை.

"இது எப்போ?"

"பார்க்கிங்ல, தூண்ல..."

"தூணு படுத்துக்கிட்டா இருந்தது?"

மதிப்புப் போடுகிறவர் நாசூக்காக அடுத்த வண்டிக்குப் போனார்.

"போன மாசம்" என்றாள் அவள். "பகல் டியூட்டி முடிஞ்சுது. ராத்திரிக்கு வர வேண்டியவ பிரசவ லீவு. நீயே பார்த்துடுன்னாங்க. காலையில ஏழு மணிக்குத் திரும்பி வரேன், பாலத்துல... ஒரு செகண்டுதான்ணே. கம்பி உரசின சத்தத்துலதான் முழிச்சேன். சொன்னா நீ சாவியைப் பிடுங்கிக்குவே."

"அன்னைக்கு மட்டுமா?"

அவள் பூசிய பெயிண்டை விரலால் தடவினாள்.

"எத்தனை தடவை கண்ணு சொக்குச்சு?"

"எண்ணலை. அதனாலதானே வண்டியை மாத்தறேன்! இது கத்தும், தானா பிரேக் போடும், நீயே பார்த்தியே."

அவருக்குக் கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது. "லிஃப்ட் ரோப் அறுந்தா, பெட்டியைக் கவ்விப் பிடிச்சு நிறுத்த ஒரு கருவி இருக்கு. நானே மாசா மாசம் பார்த்துக் கையெழுத்துப் போடறேன். அது இருக்குன்னு நம்பி, நூல் நூலாப் பிரிஞ்சு கிடக்கிற ரோப்பை மாத்தாம நான் வீட்டுக்குப் போயிடுவேனா? நீ என்னம்மா, ரோப்பை விட்டுட்டுக் கருவி வாங்க வந்திருக்கே."

"நான் முடியாதுன்னா யாரு பார்ப்பா? எலும்பு முறிஞ்சு வர்றவங்களை நாளைக்கு வான்னு சொல்ல முடியுமா?"

"ஆள் போடறது அவங்க பாடு. எங்க கம்பெனியில ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்தாப்புல பார்த்தவனை நாங்க லிஃப்ட் ஓடற ஷாஃப்டுக்குள்ள இறக்க மாட்டோம். உன் பொறுப்பாளருக்குப் போன் போடு."

"இப்பவா?"

"இப்பத்தான். ஸ்பீக்கர்ல போடு."

அவள் போட்டாள். முதலில் தயங்கினாள், பிறகு பாலத்துக் கம்பியைப் பற்றி முழுசாகச் சொன்னாள். "முன்னாடியே ஏன் சொல்லலை?" என்றது பொறுப்பாளரின் குரல். அடுத்த மாதப் பட்டியலில் சேர்ந்தாற்போல் இரண்டு டியூட்டி போடுவதில்லை என்றும், அதுவரை கிளை ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை வரவழைப்பதாகவும் சொன்னது. தங்கை போனை இறக்கியபோது கண் கலங்கியிருந்தது.

"போதுமா?"

"பட்டியல் எப்போ ஒட்டுவாங்க?"

"வியாழக்கிழமை."

"கையெழுத்தோட போட்டோ எடுத்து அனுப்பு. புக்கிங் வெள்ளிக்கிழமை."

விற்பனையாளர் படிவத்தோடு வாசலில் நின்றிருந்தார். வெள்ளிக்கிழமை என்றதும் முகம் வாடியது. ஆனாலும் தொழில் விடவில்லை. "சார், வண்டியில இன்னும் ஏதாவது சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுடுங்க."

"வண்டி மேல இல்லை" என்றார் அவர்.

தங்கை காரின் கதவைத் திறக்கப் போனாள். அவர் கையை நீட்டினார்.

"நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?"

"அண்ணே, நான் நல்லாத் தூங்கிட்டுத்தான் வந்தேன்."

"அப்படியா" என்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் அதையும் அவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு சாவியை அதில் வைத்துவிட்டு, இடதுபக்கமாகச் சுற்றிப் போய் ஏறி உட்கார்ந்தாள். கார் சாலைக்கு வந்து முதல் திருப்பம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.